பிடரிக் குழி

அவள் குரலைக் கேட்காதவர்கள் அந்த ஊரில் குறைவு. அவள் முகத்தைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. ரயில் நிலையத்தின் மாடியில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், கழுத்து நிற்காமல் தொங்கிப்போன ஒரு மின்விசிறி. அங்கே உட்கார்ந்துகொண்டு எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம், எது ரத்து என்று சொல்வதுதான் அவள் வேலை. "பயணிகள் கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால் பெஞ்சில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். பெட்டிகளுக்கு நடுவே சண்டை போட்டுக்கொண்டிருக்கும் புருஷனும் பெண்டாட்டியும் கொஞ்ச நேரம் வாயை மூடுவார்கள். சுமை தூக்குகிறவர்கள்தான் முதலில் அவளை 'மைக் அக்கா' என்றார்கள். அப்போது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. அப்பா வயசுக்காரர்களும் அக்கா என்றே கூப்பிட, அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

தலைவலியும் ஏறக்குறைய அந்த வேலையோடுதான் வந்து சேர்ந்தது. சாதாரணத் தலைவலி இல்லை. முதலில் இடது கண்ணோரத்தில் ஒரு பளபளப்பு தோன்றும், கண்ணாடிச் சில்லுகளைக் கோத்துத் தொங்கவிட்டதுபோல வளைந்து வளைந்து. அது மெல்ல நடுவுக்கு நகரும். கையிலிருக்கும் அட்டவணையில் பாதி எழுத்து காணாமல் போகும். சொல்ல வேண்டிய வண்டிகளை எல்லாம் அதற்குள் அவசர அவசரமாகச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளை வரச்சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடவேண்டும். பளபளப்பு அடங்கிய கொஞ்ச நேரத்தில், வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ திருப்புளியை வைத்துத் திருக ஆரம்பிப்பார்கள். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனை ஆகாது. வாந்தி எடுத்து, போர்வைக்குள் முகத்தைப் புதைத்து, மறுநாள் எழும்போது உடம்பு பிழிந்து போட்ட துணிபோல இருக்கும்.

தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். ஒற்றைத் தலைவலி அதிலும் ஒரு படி மேல். காயம் கிடையாது, கட்டு கிடையாது, காய்ச்சல்கூடக் கிடையாது. நேற்று சுருண்டு கிடந்தவள் இன்று தலைசீவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினால், "நேத்து நாடகம் முடிஞ்சுதா?" என்று கேட்க ஒரு வாய் எங்கிருந்தாவது வரும்.

அவளுக்கு அந்த வாய் மாமியாருடையது. "தலைவலின்னு படுத்துக்கிட்டா அடுப்பு தானா எரியுமா?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்பாள். புருஷன் மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. ஊர் ஊராகப் போய் மருந்தைப் பற்றிப் பேசுகிறவன். ஊருக்கெல்லாம் மருந்து விற்கிறவனுக்கு வீட்டுத் தலைவலிக்கு மருந்து தெரியவில்லை. ஆரம்பத்தில் மாதிரி மாத்திரைகளைக் கொண்டுவந்து கொடுத்தான். பிறகு மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அப்புறம் பயணங்கள் நீண்டன. சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பழைய துணி நைவதுபோல நைந்து பிரிந்தார்கள். ஒருநாள் அவன் வராமல் இருப்பது வருவதைவிட இயல்பாகிவிட்டது. பிள்ளை குட்டி இல்லை. கேட்கவும் ஆளில்லை, கெஞ்சவும் ஆளில்லை.

இரண்டாம் மாடியில் ஒரு சின்ன வீட்டுக்கு அவள் குடிவந்தாள். ஒரு அறை, ஒரு சமையல் மூலை. ஜன்னலுக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரட்டைத் திரை. சுவருக்கு அந்தப் பக்கம் துணி தைக்கிற ஒருத்தி இருந்தாள், அவள் வயசுக்காரிதான். பகலெல்லாம் தையல் மெஷின் கடகடவென்று ஓடும். வலி வந்த நாட்களில் ஒவ்வொரு தையலும் மண்டைக்குள் விழும். இவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். படிக்கட்டில் பார்த்தால் இருவரும் சிரித்துக்கொள்வார்கள். வெளிநாட்டில் இருந்த தம்பி வாரம் ஒருதரம் போன் செய்வான். "தலைவலி எப்படிக்கா இருக்கு?" என்பான், கூடக் குடியிருக்கும் ஓர் ஆளை விசாரிப்பதுபோல. "நல்லா இருக்குடா" என்பாள் அவள்.

ரயில் நிலையத்துக்கு இயந்திரம் வந்தது. இனி அறிவிப்பெல்லாம் தானாகவே நடக்கும் என்றார்கள். அதற்கு ஒரு குரல் வேண்டுமே? அவளைக் கூப்பிட்டு, பஞ்சு ஒட்டிய ஓர் அறையில் உட்காரவைத்து, எண்களையும் ஊர்ப் பெயர்களையும் 'தாமதமாக', 'வந்துகொண்டிருக்கிறது', 'வருந்துகிறோம்' என்ற சொற்களையும் தனித்தனியாகப் படிக்கச் சொன்னார்கள். அதை வெட்டி ஒட்டி வைத்துக்கொண்டார்கள். குரலுக்கு நிரந்தர வேலை கிடைத்தது, குரலின் சொந்தக்காரிக்குக் கீழே மாற்றல். பயணிகள் தவறவிட்ட பொருட்களை வைக்கும் அறையில் அவளைப் போட்டார்கள். குடைகள், ஒற்றைச் செருப்புகள், ஒரு பல்செட், பூட்டு உடைந்த ஒரு தகரப் பெட்டி. இத்தனைக்கும் நடுவே ஒரு நாற்காலி.

அந்த அறையின் காற்றுத் துவாரத்துக்கு நேர் வெளியே ஒலிபெருக்கி. வலி பிடித்த நாளில் அவளுடைய குரலே அவள் தலையில் ஆணி அடித்தது. எத்தனை கெஞ்சினாலும் நிற்காத குரல், வலியே தெரியாத குரல். இளவயதில் பதிந்தது இல்லையா, துள்ளிக்கொண்டு வேறு வரும். ஒயர்மேனிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் ஏணியில் ஏறி அதைக் கொஞ்சம் அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு இறங்கினார்.

"உங்க வாயை நான் திருப்பி வைக்க வேண்டியதாப் போச்சு பாருங்க" என்றார்.

"கட்டிக்கிட்டவராலயே முடியல, உங்களால முடிஞ்சுதே" என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். ஒலிபெருக்கி திரும்பியும் பெரிய பிரயோஜனம் இல்லை.

இதற்குள் அவள் மாத்திரையைச் சுண்டல்போலத் தின்ன ஆரம்பித்திருந்தாள். வலி வந்தால் ஒன்று, வந்துவிடுமோ என்று பயந்தால் ஒன்று. கடைசியில் வாரத்தில் வலியில்லாத நாளே இல்லை என்றானபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்ப உங்களுக்கு வர்ற வலியில பாதி, மாத்திரை கொண்டுவர்ற வலிம்மா" என்றார். மாத்திரையை மாற்றி, எப்போது போடலாம், எப்போது கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, கீழே பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். "கழுத்தும் இறுகிக் கிடக்கு. அங்க ஒருத்தங்க அக்குபிரஷரும் சொல்லித் தருவாங்க. பழகிப் பாருங்க."

அங்கே இருந்த அம்மாள் குள்ளமாக, கைகள் மட்டும் ஆள் உயரத்துக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தாள். இவள் வலது கையை வாங்கினாள்.

"கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டி வைங்க. மேல சதை புடைக்குது பாருங்க. அதோட உச்சியைப் பாத்து வச்சுக்கோங்க. இப்ப விரலைப் பிரிங்க. அதே இடத்துல, ஆள்காட்டி விரல் எலும்புப் பக்கமா சாய்ச்சு அழுத்துங்க. ம், வலிக்குதா?"

"கடுக்குது."

"கடுக்கணும். அதான் இடம். மூச்சை அடக்காதீங்க, விட்டு விட்டு இழுங்க."

மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி, இரண்டு நரம்புக்கு நடுவே ஓர் இடம். அது குமட்டலுக்கு. புருவம் தொடங்கும் மூலையில் ஒன்று. காலில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மேலேறிப் போனால் பள்ளமாகத் தட்டுப்படும் ஒன்று. சொல்லிக்கொண்டே போனவள், "மாயமந்திரம்னு நினைச்சுடாதீங்க" என்றாள். "சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. டாக்டர் சொன்ன மாத்திரையை இதை நம்பி நிறுத்தக் கூடாது. அப்புறம், யாருக்காவது சொல்லிக் குடுத்தீங்கன்னா, முழுகாம இருக்கிற பொண்ணுங்களுக்கு முதல்ல காட்டின அந்தக் கைப் புள்ளி மட்டும் வேண்டாம்."

கடைசியாக அவளுக்குப் பின்னால் வந்து, மண்டையோட்டின் விளிம்பில் இரண்டு பக்கமும் இருந்த குழிகளை விரலால் தொட்டுக் காட்டினாள். "உங்களுக்கு முக்கியமான இடம் இதுதான். ஆனா நீங்களே அழுத்தினா கையைத் தூக்கித் தோள் இறுகிடும், பலன் பாதி போயிடும். வீட்டுல யாரையாவது அழுத்தச் சொல்லுங்க."

"வீட்டுல யாரும் இல்லைங்க."

அந்த அம்மாள் விரலை எடுத்துவிட்டு முன்னால் வந்தாள். அப்புறம், "அப்ப ரெண்டு பந்து வாங்கிக்கோங்க" என்றாள். "கொஞ்சம் கெட்டியான பந்து. காலுறைக்குள்ள போட்டு முடிச்சுப் போடுங்க. தரையில மல்லாந்து படுத்து, குழிக்கு அடியில குடுத்துட்டு, தலையை அது மேல விட்டுடுங்க." அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டாள்.

பொம்மைக் கடைக்காரர் பந்துகளைக் கட்டிக்கொண்டே, "பேரனுக்கா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, எதற்கென்று விளக்கி, அவர் முகம் மாறுவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. "ஆமா" என்றாள். "என்ன வயசு?" "அஞ்சு." வீடு வந்து சேரும்வரை அந்த ஐந்து வயதுப் பையன் கூடவே வந்தான். முன்பல் விழுந்தவன். அவனுக்கு வாங்கியதை எடுத்துக்கொள்ளப் போகிறோமே என்று ஒரு நொடி சங்கடமாகக்கூட இருந்தது. தனக்கே சிரிப்பு வந்தது. சாவியைத் திருப்பி உள்ளே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது.

பழகப் பழக ஒரு வழி பிடிபட்டது. கண்ணோரத்தில் பளபளப்பு தெரிந்ததுமே மருத்துவர் சொன்ன மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கையை அழுத்தத் தொடங்கிவிடுவாள். குடை கேட்டு வருபவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே மேசைக்கு அடியில் கட்டைவிரல் வேலை செய்துகொண்டிருக்கும். மணிக்கட்டை அழுத்தினால் வாந்தி அடங்கியது, அது நிச்சயம். வீட்டுக்கு வந்து தரையில் படுத்துப் பந்துகளின் மேல் தலையை விட்டால், கழுத்தில் ஏதோ ஒரு கயிறு மெல்லத் தளரும். வலி ஓடிப்போனது என்று சொல்ல முடியாது. முன்னெல்லாம் வலி வந்தால் வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே நிற்பாள். இப்போது திண்டாடியாவது ஒரு மூலையைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்ள முடிந்தது. சில வருஷங்கள் அப்படியே ஓடின.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். காலை வண்டியில் நீலக் கைப்பை ஒன்றை விட்டுவிட்டதாகச் சொன்னாள். பை வந்து சேர்ந்திருந்தது. மேசைமேல் எடுத்து வைத்து, "உள்ள என்ன இருக்கு, சொல்லு பாக்கலாம்" என்று கேட்டாள் மைக் அக்கா. பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண் ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, குழல் விளக்குக்கு முதுகைக் காட்டி, பாதி திரும்பி நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"ஓரத்துல பளபளன்னு வளைஞ்சு வளைஞ்சு தெரியுதா?"

அந்தப் பெண் திடுக்கிட்டாள். "இப்பத்தான் அது போச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் அந்தத் தெருவுலதான் குடியிருக்கேன். உள்ள வா."

விளக்கை அணைத்தாள். தகரப் பெட்டியின்மேல் ஒரு சால்வையை மடித்துப் போட்டு அவளை உட்காரவைத்தாள். வழக்கமாக வருகிற வலிதானா, புதிதா என்று கேட்டாள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே வருவதுதான், இதே மாதிரிதான் என்றாள் அவள். மைக் அக்கா அவள் கையை எடுத்து, விரல்களைச் சேர்த்துப் பார்த்து, மேட்டில் கட்டைவிரலை வைத்தவள் அழுத்தாமல் நிறுத்தினாள்.

"ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்காதே. முழுகாம இருக்கியா?"

வெளியே ஒரு வண்டி தடதடத்துக்கொண்டு போய் முடிந்தது.

"ஆமா" என்றாள் அந்தப் பெண். அப்புறம், "உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். இன்னும் அவருக்குக்கூடத் தெரியாது" என்றாள்.

மைக் அக்கா அந்தக் கையை மெதுவாக மடியில் வைத்தாள். "சரி. அப்ப இது வேண்டாம். மாத்திரை ஏதாவது போட்டியா?"

"பையில இருக்கு. போடலாமா கூடாதான்னு தெரியாம வச்சிருக்கேன்."

"டாக்டரைக் கேக்காம போடாதே. தலைவலியையும் சேத்து அவங்ககிட்ட சொல்லிடு." மணிக்கட்டைப் பிடித்து மூன்று விரற்கடை அளந்து மிதமாக அழுத்தினாள். குமட்டல் கொஞ்சம் அடங்கியதும் எழுந்து அவளுக்குப் பின்னால் போனாள். அடுத்தவர் பிடரியில் கை வைப்பது அவளுக்கு அதுதான் முதல்தடவை. மழையில் நனைந்த முடியை ஒதுக்கினாள். குழிகள் உடனே கிடைத்துவிட்டன. தன் பிடரியில் இத்தனை வருஷமாகத் தேடிப் பழகிய இடம் இல்லையா? லேசாக, தலையை மேலே தூக்கிவிடுவதுபோல அழுத்தினாள். அந்தப் பெண்ணின் தோள் சொல்லாமலே இறங்கியது.

வெளியே குரல் கேட்டது. மூன்றாம் நடைமேடைக்கு வண்டி வந்துகொண்டிருக்கிறது என்றது. அந்தப் பெண் எழப் பார்த்தாள். "என் வண்டி. அம்மா வீட்டுக்குப் போறேன்."

"உக்காரு. சாயங்காலம் இன்னொண்ணு இருக்கு. வந்தா நானே சொல்லுவேன்."

"நீங்களா?"

"அது என் குரல்தான்."

"சும்மா சொல்றீங்க."

இருட்டில் மைக் அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். அடங்கிய குரலில், மாடியில் உட்கார்ந்திருந்த காலத்து ராகம் மாறாமல் சொன்னாள்: "பயணிகள் கவனத்திற்கு. தகரப் பெட்டியின்மேல் அமர்ந்திருக்கும் பயணி, அடுத்த வண்டி வரும்வரை கண்ணைத் திறக்கக் கூடாது. தடங்கலுக்கு வருந்துகிறோம்."

"ஐயோ, சிரிக்க வைக்காதீங்க. இடிக்குது" என்று தலையைப் பிடித்துக்கொண்டே அவள் சிரித்தாள்.

வலி மேலே ஏறாமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நத்தைபோல இறங்கத் தொடங்கியது. அந்த இருட்டில் அவளாகவே பேசினாள். புருஷனுக்குக் கப்பலில் வேலை. கரைக்கு வந்தால்தான் பேச முடியும். "போன தடவை நாள் தள்ளினதுமே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அப்புறம் நிக்கல. சொன்ன ஒவ்வொருத்தர்கிட்டயும் திரும்பப் போய், இல்லைன்னு சொல்ல வேண்டியதாயிடுச்சு. அதுதான் அதைவிடக் கஷ்டமா இருந்தது. இந்தத் தடவை வாயே திறக்கக் கூடாதுன்னு இருந்தேன். அம்மாகிட்ட சொல்லப் போறேனா, சும்மா பாத்துட்டு வரப் போறேனான்னு எனக்கே தெரியல."

எல்லாம் நல்லபடியா நடக்கும் என்று சொல்வது சுலபம். வருகிற வண்டியை அப்படித்தான் இயந்திரம் சொல்லும், வராவிட்டால் வருந்தும். மைக் அக்கா பிடரியை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

மழை விட்டபோது அந்தப் பெண்ணின் முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. திரும்பி உட்கார்ந்து கேட்டாள்: "உங்களுக்கு வந்தா யாரு அழுத்துவாங்க?"

"என்கிட்ட ரெண்டு பந்து இருக்கு."

விஷயத்தைக் கேட்டதும் அவள் எழுந்துவிட்டாள். "நீங்க உக்காருங்க."

"எனக்கு இப்ப வலி இல்லையே."

"வலிச்சாத்தான் அழுத்தணுமா? உக்காருங்கக்கா."

மைக் அக்கா தகரப் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். இரண்டு கட்டைவிரல்கள் பிடரியில் வந்து நின்றன. கொஞ்சம் அழுத்தின, நின்றன. "இங்கயா?" என்று கேட்டாள் அந்தப் பெண். "இல்ல, கொஞ்சம் காதுப் பக்கமா." விரல்கள் நகர்ந்தன. "இப்ப?" பந்து ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. அது இருக்கிற இடத்தில் கெட்டியாக இருக்கும், இவள்தான் தலையை உருட்டி உருட்டி அதற்குச் சரியாகப் போய் நிற்கவேண்டும். இந்த விரல்களில் சூடு இருந்தது. அவள் மூச்சு விடுவதைக் கவனித்து அதற்கேற்ப இறங்கி ஏறின. கடைசியாகத் தன்னை யார் தொட்டது என்று அவள் யோசித்துப் பார்த்தாள். சில்லறை வாங்கும்போது விரல் பட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது, வேறொன்றும் வரவில்லை. கண்ணில் நீர் கட்டிக்கொண்டு இறங்கியது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது நல்லதாகப் போயிற்று.

சாயங்கால வண்டிக்கு மைக் அக்காவே பையைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டாள். ஜன்னலுக்குள்ளிருந்து அந்தப் பெண் போன் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "குழந்தை பொறந்ததும் உங்களுக்குத்தான் மொதல்ல" என்றாள். வண்டி நகர்ந்தது.

போன் வரவில்லை.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போகப் போக, இப்போது வயிறு தெரிய ஆரம்பித்திருக்கும், இப்போது உதைக்கும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. நாள் கடந்தது. நல்ல சேதியாக இருந்தால் சந்தோஷத்தில் மறந்திருப்பாள். கெட்ட சேதியாக இருந்தால், மறுபடியும் ஒருத்தியிடம் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வந்திருக்காது. இரண்டில் எது என்று இவளுக்குத் தெரிய வழியே இல்லை. நடைமேடையில் கைக்குழந்தையோடு யார் போனாலும் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை அரை இருட்டில்தான் அதிக நேரம் பார்த்திருந்தாள் என்பது அப்புறம்தான் உறைத்தது. எதிரே வந்து நின்றாலும் அடையாளம் தெரியுமா என்பது சந்தேகம்.

அதைவிட மோசம், பந்துகள் கசந்துவிட்டன. அதே பந்து, அதே குழி, அதே தரை. ஒன்றும் மாறவில்லை. ஆனால் தலையை அதன்மேல் விடும்போதெல்லாம், இது பந்து, இது வெறும் பந்து என்று உள்ளே ஏதோ ஒன்று முறுக்கிக்கொள்ளும். பட்டினி பழகினவளுக்கு ஒருவேளைச் சோறு போட்டுவிட்டுப் போனதுபோல ஆகிவிட்டது. முன்பு வலி வந்தால் வலி மட்டும்தான் வந்தது. இப்போது தனிமையையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் அன்றைக்கு வராமலே இருந்திருக்கலாம் என்றுகூட ஒருநாள் நினைத்தாள். நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில், இதுவரை பார்க்காத அளவுக்கு வலி வந்தது. மாத்திரை போட்டாள், அது வாந்தியோடு வெளியே வந்துவிட்டது. கையை அழுத்தினாள், காலை அழுத்தினாள், மணிக்கட்டை அழுத்தினாள். தரையில் படுத்தாள். பந்துகள் வழுக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடின. அவற்றை எட்டி எடுக்கக் குனிய முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தவளுக்கு அன்றைக்குத்தான் ஒன்று தோன்றியது. மெஷின் ஓடினால், அதை ஓட்டுகிற ஆள் ஒருத்தி அங்கே இருக்கிறாள். இரண்டு கையும் உள்ளவள்.

வாய் கொப்புளித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தாள். பத்தடிகூட இருக்காது. ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் வந்ததும் கால் நின்றுவிட்டது. ஆயிரக்கணக்கான பேரிடம் பேசிப் பிழைத்தவள்தான், ஆனால் பேசியது எல்லாம் அறிவிப்பு. வண்டி வருகிறது, போகிறது, ஓரமாக நில்லுங்கள். ஒருத்தரிடம் போய் எனக்கு இது வேண்டும் என்று கேட்டதில்லை. புருஷனிடம்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று இப்போது யோசித்து என்ன ஆகப்போகிறது? கதவைத் தட்டினாள்.

கழுத்தில் அளவு நாடா தொங்க, வாயில் குண்டூசியோடு தையற்காரி கதவைத் திறந்தாள். இவள் முகத்தைப் பார்த்ததும் ஊசிகளை அவசரமாக எடுத்தாள். "மெஷின் சத்தமா? நிறுத்திடறேங்க, இதோ நிறுத்திடறேன்."

"அதுக்கில்ல. தலை ரொம்ப வலிக்குது. பிடரியில ரெண்டு விரலை வச்சுக் கொஞ்சம் அழுத்திவிட முடியுமா?"

தையற்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நானா? எனக்கு அதெல்லாம் தெரியாதே."

"நான் சொல்றேன்."

உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தாள். வெங்காயம் நறுக்கிய கை. அது பக்கத்தில் வந்ததும் மைக் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். விஷயம் புரிந்து தையற்காரி ஓடிப்போய் வாசனை சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். அது வெங்காயத்துக்கு அண்ணன். மறுபடியும் ஓடி, வெறும் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தாள். சட்டைக் கழுத்துக்கு அளவெடுக்கிற பழக்கமோ என்னவோ, விரலை ஒரே கோட்டில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். ஒன்று மேலே போனது, இல்லை கீழே போனது. கூடவே வாயும் ஓயவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை மாறியதையும், பொண்ணு வரச்சொல்லிக் கூப்பிடுவதையும், மாடிப்படி ஏறினால் முட்டி விண்டுபோவதையும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

"கொஞ்சம் பேசாம இருக்கீங்களா?" என்றாள் மைக் அக்கா. சொன்ன பிறகுதான், கோபித்துக்கொள்வாளோ என்று பயம் வந்தது.

"ஐயோ, மறந்தே போச்சு" என்று தையற்காரி வாயை மூடிக்கொண்டாள். ஜன்னலையும் மூடினாள். அப்புறம் அவள் பேசவே இல்லை. குழி ஒன்றும் சரியாக அகப்படவில்லை, ஆனாலும் கையை எடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து, "போயிடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல."

"அப்ப நான் அழுத்தினதெல்லாம் வீணா?"

"வீணில்லைங்க" என்றாள் மைக் அக்கா. அதற்கு மேல் விளக்கிச் சொல்லத் தெம்பு இல்லை.

வலி தன் நேரத்துக்குத்தான் போயிற்று, விளக்கு வைக்கும் நேரத்துக்கு. அதுவரை சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடவில்லை. கொடுக்க வேண்டிய துணிகள் குவிந்து கிடந்ததை அவள் தன் கண்ணால் பார்த்திருந்தாள்.

அன்றிலிருந்து இருவரும் உயிருக்குயிராகிவிட்டார்கள் என்று சொன்னால் பொய். தையற்காரி பாதி நாள் பொண்ணு வீட்டுக்குப் போய்விடுகிறாள். அந்த நாட்களில் மைக் அக்கா பழையபடி தரையில்தான் படுக்கிறாள். இருக்கிற நாளில், வலி வந்தால் கதவைத் தட்டுகிறாள். ஒவ்வொரு தடவையும் கதவுக்கு முன்னால் கால் ஒரு நொடி தயங்கத்தான் செய்கிறது.

போன வாரம் தையற்காரியே வந்து தட்டினாள். ஒரு காலைத் தரையில் அரைகுறையாக ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, முட்டி வலிக்கு ஏதாவது புள்ளி இருக்கா?"

"எனக்குத் தெரியலையே. தலைக்குத்தான் படிச்சேன்" என்றாள் மைக் அக்கா. "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டுட்டு வரேன். நீங்க மொதல்ல உள்ள வந்து உக்காருங்க."